வருதாம்

ஜூன் 8, ஞாயிறு

யூடியூபில் கோட்டுப் போட்ட ஒருவர் சொன்னார்: நிலத்தில் முதலீடு செய்கிறவன் நாட்குறிப்பு எழுத வேண்டும். விலை ஏறும்போது வரும் ஆசையையும் இறங்கும்போது வரும் பயத்தையும் எழுதி வைத்தால் இரண்டும் அடங்கிவிடுமாம். சரி என்று, சிமெண்ட் கடையில் இனாமாகக் கொடுத்த டைரியைத் தூசி தட்டி எடுத்தேன். முதல் பத்துப் பக்கத்தில் கலாமணி பால் கணக்கு எழுதியிருக்கிறாள். கிழிக்கவில்லை. இந்த டைரியில் நேராக இருக்கப்போகிற கணக்கு அது ஒன்றுதான் போலிருக்கிறது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாச்சிமுத்து, ஐம்பத்து மூன்று வயது. தாராபுரம் சுற்றுவட்டாரத்தில் மோட்டார் பம்ப்செட் விற்றுக்கொண்டிருந்தேன். கம்பெனி செட்டில்மெண்ட் கொடுத்து அனுப்பிய பிறகு நில முதலீட்டாளர் ஆனேன். விசிட்டிங் கார்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஊருக்கு வெளியே சௌபாக்யா நகரில் என் பேரில் நான்கு மனை. ஐந்தாவது, பதினாலாம் நம்பர் கார்னர் மனை, என் மனைவி கலாமணி பேரில். ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் அவளே வாங்கியது.

ஐந்து மனைக்குச் சொந்தக்காரர்களான நாங்கள் குடியிருப்பது வாடகை வீட்டில். கல்யாணமான நாளிலிருந்து இது ஆறாவது வீடு.

"அந்தக் கார்னர் மனைல ஒரு ஊட்டைக் கட்டிட்டுப் போயிறலாமுங்க" என்று இன்றைக்கும் சொன்னாள்.

நான் பொறுமையாக விளக்கினேன். விலை இறங்கியிருக்கும்போது கட்டினால் நஷ்டம். ஏறியிருக்கும்போது கட்டினால் அதைவிட நஷ்டம், அப்போது விற்க வேண்டும்.

"ஏறாம எறங்காம இருக்கறப்பங்க?"

"அப்பப் பொறுத்திருக்கோணும்."

அவள் பருப்பைத் தாளிக்கப் போய்விட்டாள். முதலீடு எல்லோருக்கும் புரிகிற விஷயம் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

புரோக்கர் லோகு வந்தான். கையில் எப்போதும் இரண்டு போன், இரண்டிலும் சார்ஜ் இருக்காது. "ஏனுங்ணா, பைபாஸ் அக்கட்டப் போயிருச்சுங்ணா. நம்ம சைட்டுப் பக்கம் ஒரு பார்ட்டி கூட எட்டிப் பாக்கறதில்லை" என்றான். சென்ட் விலை நான் வாங்கிய விலைக்கும் கீழே போய்விட்டது.

பயம் வந்தது. எழுதிவிட்டேன். அடங்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

இந்தத் தொழிலில் பெரிய சொல் 'வருது'. வந்துவிட்டது என்றால் விலை ஏறி முடிந்தது. வராது என்றால் ஆள் எழுந்து போய்விடுவான். 'வருது' என்றால் மட்டும்தான் பை திறக்கும். காலேஜ் வருது, பஸ் ஸ்டாண்டு வருது, நாலு வழிச் சாலை வருது. யார் சொன்னது, எப்போது வருது என்று கேட்கிறவன் நிலம் வாங்குகிற ஆள் இல்லை.

காலையில் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பல்லடம் பக்கத்து வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், இந்தப் பக்கம் மனை ஏதாவது தேறுமா என்று மாஸ்டரிடம் கேட்டார். என் வாய் சும்மா கிடந்ததா?

"சௌபாக்யா நகர் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணு வருதாமுங்க" என்றேன்.

வருது என்று சொல்லியிருந்தால் பொய். 'வருதாம்' என்றுதான் சொன்னேன். வாலில் ஒரு 'ஆம்' சேர்த்துவிட்டால் நாம் சொன்னது ஆகாது, யாரோ சொல்லி நாம் கேட்டது ஆகிவிடும். தமிழில் இந்த வசதி இருக்கிறது. அந்தக் காலத்துப் பெரியவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

பன்னுக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்தார்.

ஜூலை 6, ஞாயிறு

லோகு போன் செய்தான். சைட்டுப் பக்கம் இரண்டு கார் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனதாம். எதற்கென்று தெரியவில்லை என்றான். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

கலாமணி சாயங்காலம் டேப் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். ஜன்னலுக்குத் திரை தைக்க அளவு எடுக்கிறாளாம். முப்பது மீட்டர் டேப்பை எடுத்துக் கொடுத்தேன். நம் வீட்டு ஜன்னல் மூன்றடிதான்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. பத்திரம் பதிகிற ஆள் கிடையாது, அட்வான்ஸ் கொடுக்கிற ஆள் கிடையாது. வேலை இல்லாததால் எல்லோரும் பேசுகிறார்கள். பேக்கரியில் இன்று கேட்டேன்: ஆஸ்பத்திரிக்கு முந்நூறு படுக்கையாம். நான் படுக்கை பற்றி எதுவும் சொல்லவில்லை. யாரோ புண்ணியவான் கட்டிலும் மெத்தையும் வாங்கிப் போட்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி இரண்டு. இந்தத் தேதியை என் வாழ்க்கையில் மறக்க மாட்டேன்.

லோகு வீட்டுக்கே வந்தான். கதவைச் சாத்தச் சொன்னான். ஃபேனை நிறுத்தச் சொன்னான். எதற்கு என்று கேட்டால், "சத்தத்துல தப்பாக் கேட்டுறக் கூடாதுங்ணா" என்றான்.

"மெடிக்கல் காலேஜ் வருதுங்ணா. நம்ம சைட்டுக்கு நேர் எதிர்க்கால. எச்சு ஆளுகளுக்குத் தெரியாது. உள்ள இருந்து வந்த சேதி."

நான் முதலில் சிரித்தேன். இது என் ஆஸ்பத்திரிதான், வேஷம் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்று நினைத்தேன். லோகு போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். நான் சொன்னது ஆஸ்பத்திரி. இவன் சொல்வது மெடிக்கல் காலேஜ். அது வேறு, இது வேறு. அதைவிட முக்கியம், நான் சொன்னது 'வருதாம்'. இவன் சொன்னது 'வருது'. 'ஆம்' இல்லை! வாலில்லாத சேதி என்றால் யாரோ தெரிந்த ஆள் சொன்னதாகத்தானே இருக்க வேண்டும்?

அன்றைக்குப் பேக்கரியில் என் நாக்கில் உட்கார்ந்திருந்தது சனி இல்லை, சரஸ்வதி. பொய் சொல்வதாக நினைத்து உண்மையைச் சொல்லியிருக்கிறேன். 

கலாமணிக்கு இன்று லேபில் லீவு. விடியலில் குளித்துப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, தட்டில் தேங்காய் பழம் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கோயிலுக்காம். தேங்காயோடு நான்கு செங்கல்லும் பையில் இருந்தது. எந்தக் கோயில் என்று கேட்க நினைத்தேன், அதற்குள் லோகு கூப்பிட்டுவிட்டான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

என் நான்கு மனைக்கும் நல்ல விலைக்கு ஆள் வந்தது. விற்பேனா? விற்கவில்லை. சைட்டை ஒட்டிய தோட்டத்துக்காரரிடம் மேலும் ஐந்து மனை அளவு நிலம் பேசி, செட்டில்மெண்டில் மிச்சம் இருந்ததை எல்லாம் அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டேன். கார்த்திகைக்குள் பாக்கியைக் கட்டிக் கிரயம் செய்ய வேண்டும். தவறினால் அட்வான்ஸ் போச்சு. அதுதான் ஊர் வழக்கம்.

பாக்கிக்கு வழி? பதினாலாம் நம்பர். கார்னர் மனை, நல்ல விலைக்குப் போகும். அதை விற்றால் காரியம் முடிந்தது. கையெழுத்து மட்டும் கலாமணி போட வேண்டும்.

சாப்பிடும்போது சொன்னேன். தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் கை நின்றது. பிறகு மறுபடி ஊற்றினாள்.

"கையெழுத்துத்தானுங்களே. போடலாம். புரட்டாசி போகட்டும்."

எவ்வளவு நல்ல பெண்பிள்ளை! ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. இரண்டாவது தடவை ரசம் கேட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

கலாமணி தினமும் விடியற்காலை வாக்கிங் போகிறாள். சர்க்கரை வராமல் இருக்கவாம். செருப்பு முழுக்கச் சிமெண்ட். லேபில் சுவர் பூசுகிறார்களாம். ஏலச்சீட்டையும் எடுத்துவிட்டாள். எதற்கென்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெண்களுக்கு ஆயிரம் செலவு இருக்கும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

லோகு ஒரு நல்ல சேதி சொன்னான். சௌபாக்யா நகரில் யாரோ வீடு கட்ட ஆரம்பித்திருக்கிறார்களாம். பேஸ்மெண்ட் முடிந்து சுவர் எழும்பிவிட்டதாம்.

"யாரு லோகு?"

"ஒரு பொம்பளைங்ணா. கூடவே நின்னு கொத்தனாரை வேலை வாங்குது. செங்கல்லைத் தட்டிப் பாத்து வாங்குதுங்ணா."

"இந்த ரேட்டுக்கு விக்காம ஊடு கட்டற பைத்தியம் யாருப்பா அது?"

லோகு எதற்கோ ரொம்ப நேரம் இருமினான். ஆனாலும் எனக்கு லாபம்தான். இனி பார்ட்டியிடம் 'குடியேற்றம் ஆரம்பித்துவிட்டது' என்று சொல்லலாம். நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் மழையில் அந்த மண் பாதையில் வண்டி சிக்கும். முதலீட்டாளனுக்கு லேஅவுட் வரைபடம் போதும். சுவரில் ஒட்டித்தான் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. சென்ட் விலை ஆவணியில் இருந்ததைப்போல் ஒன்றரை மடங்கு. எண்ணெய் தேய்த்துக்கொண்டே மனதுக்குள் கோவையில் ஒரு பிளாட் வாங்கினேன். சீயக்காய் போடும்போது விற்றுவிட்டேன்.

புரட்டாசி போய்விட்டது என்று கலாமணிக்கு ஞாபகப்படுத்தினேன். "பண்டிகையும் அதுவுமாப் பத்திரப் பேச்சாங்க?" என்றாள். நியாயம்தான்.

நவம்பர் 4, செவ்வாய்

போச்சு.

நவம்பர் 6, வியாழன்

முந்தாநேற்று ஒரு வார்த்தைக்கு மேல் எழுத முடியவில்லை, நேற்று அதுவும் முடியவில்லை. மெடிக்கல் காலேஜ் வரவில்லை. வரப்போவதும் இல்லை. அப்படி ஒரு பேச்சே எந்த ஆபீசிலும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லையாம். பல்லடத்து ஆட்கள் விசாரித்துவிட்டு வந்து பேக்கரியில் சத்தம் போட்டிருக்கிறார்கள். காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை, சாயங்காலம் விலை கேட்கவே ஆள் இல்லை.

லோகு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"ஏனுங்ணா, ஒண்ணு கேக்கட்டுமா? இந்தச் சேதி எங்க கெளம்புச்சுன்னு ஒவ்வொரு ஆளாப் புடிச்சுக் கேட்டனுங்ணா. எனக்குச் சொன்னது மூலனூர்க்காரர். அவருக்குச் சொன்னது மில் மேனேஜர். அவருக்குச் சொன்னது பல்லடத்து வெள்ளைச் சட்டை. அவருக்குச் சொன்னது..."

"யாரு?"

"பேக்கரில ஒரு பம்ப்செட் அண்ணனாமுங்ணா."

நான் கூரையைப் பார்த்தேன். அங்கே ஒரு பல்லி இருந்தது. அதுவும் என்னைத்தான் பார்த்தது.

"நான் வருதாம்னுதான்டா சொன்னேன்!"

"உங்க சேதியை நான் உங்களுக்கே வித்துட்டனேங்ணா" என்று லோகு தலையில் கை வைத்துக்கொண்டான். அவனும் கமிஷனில் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தானாம். கடையில் நாம் விற்ற பழைய பம்ப்செட்டையே பெயிண்ட் அடித்து நமக்கே விற்றால் கூட நான் கண்டுபிடித்துவிடுவேன். என் பொய்யை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண்ணாடியில் முகம் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

தோட்டத்துக்காரரை அவர் குடியிருக்கிற ஊரில் போய்ப் பார்த்தேன். இளநீர் வெட்டிக் கொடுத்தார். அட்வான்ஸ் பற்றி ஆரம்பித்ததும் இன்னொரு இளநீர் வெட்டினார். மூன்றாவது இளநீரில் புரிந்துகொண்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு விலை கொடுத்து இளநீர் குடித்ததில்லை.

பம்ப்செட் விற்று வெயிலில் அலைந்து சேர்த்த காசு. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதுவிட்டேன். பக்கத்திலிருந்த அம்மா ஜன்னலைச் சாத்தினார், கண்ணில் தூசி விழுந்ததாக நினைத்து.

நவம்பர் 16, ஞாயிறு

பட்ட காலிலே படும் என்பது சும்மா இல்லை. வீட்டு ஓனர் வந்தார். மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறாராம், தை பிறந்ததும் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டுமாம். ஏழாவது வீடு.

கலாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேக்கரி, பல்லடத்துக்காரர், இளநீர், ஒன்று விடாமல். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் சோறு இறங்கியிருக்கும்.

"கார்னர் மனையையாச்சும் வந்த வெலைக்குக் குடுத்துட்டுக் கையில காசு வெச்சுக்கலாமா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். பிறகு சொன்னாள்: "அதை உடுங்க. நாம குடி போக ஊடு ஒண்ணு பாத்து வெச்சிருக்கறனுங்க."

"எங்க?"

"கொஞ்சம் வெளிய. கெழக்குப் பாத்த வாசல். தண்ணி வசதி இருக்குது."

"ஓனர் எப்படி?"

"பொம்பளைங்க. எச்சாப் பேச மாட்டா. பொய் சொன்னா மட்டும் புடிக்காது."

"அட்வான்ஸ் எவ்வளவு கேக்கறாங்க?"

"ஆளைப் பாத்துட்டுச் சொல்லுவா."

கறாரான ஓனராக இருப்பாள் போலிருக்கிறது. இனி நமக்கு எந்த ஓனராக இருந்தால் என்ன?

டிசம்பர் 7, ஞாயிறு

லோகு போன் செய்தான். கரூரிலிருந்து ஒரு ஜவுளிக்காரரும் அவர் மனைவியும் வருகிறார்கள், என் நான்கு மனையையும் காட்ட வேண்டும் என்றான். விழுந்த விலையானாலும் தள்ளிவிடலாம் என்று கிளம்பினேன். சௌபாக்யா நகருக்குள் நான் கால் வைத்து ஆறேழு மாதம் இருக்கும். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நுழையும்போதே தூரத்தில் அந்த வீடு தெரிந்தது. கூரை போட்டாகிவிட்டது. பூச்சு பூசவில்லை. "பாருங்க, குடியேத்தம் வந்தாச்சு" என்று கரூர்க்காரரிடம் சொல்லிக்கொண்டே நடந்தேன். வழக்கம்போல எல்லைக் கல்லை எண்ணினேன். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. பதினாலாம் கல் இருக்க வேண்டிய இடத்தில் வாசற்படி இருந்தது.

மொட்டை மாடியில் கலாமணி நின்றிருந்தாள். சேலைக்கு மேல் என் பழைய கம்பெனிச் சட்டை. கையில் ரப்பர் குழாய். புதுக் கூரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. டேப், செங்கல், செருப்புச் சிமெண்ட், சீட்டு, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து என் மண்டையில் உட்கார்ந்தன. இந்த டைரியில் என் கையாலேயே எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். எழுதியவனுக்குப் புரியவில்லை. அவள் தனியாக நின்று கட்டியிருக்கிறாள். நான் அவளைப் பைத்தியம் என்று சொல்லியிருக்கிறேன்.

கரூர்க்காரர் மனைவி வீட்டையே சுற்றி வந்தார். "ஏங்க, மனையெல்லாம் எதுக்கு? இந்த ஊடு எடுப்பா இருக்குது. இதையே கேளுங்க" என்றார். ஜவுளிக்காரர் என்னைப் பார்த்து ஒரு விலை சொன்னார். நான் தலையாட்டாமல் நிற்பதைப் பார்த்து அதற்கு மேல் ஒன்று சொன்னார்.

கலாமணிக்கு அது கேட்டது. குழாயை மடக்கித் தண்ணீரை நிறுத்தினாள். என்னையே பார்த்தாள். கோபம் இல்லை, பயம் இல்லை. நான் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும் என்பதுபோல் நின்றாள். அதுதான் என்னைச் சுட்டது.

பொய் எழுத மாட்டேன். கணக்குப் போட்டேன். போன அட்வான்ஸ் திரும்ப வரும், நான்கு மனையின் நஷ்டமும் ஈடாகும், அதற்கு மேலும் கையில் நிற்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"இது விக்கறதுக்கில்லீங்க" என்றேன். இந்த வாக்கியத்தை என் வாயால் நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

"ஓனர் நீங்களுங்களா?"

"இல்லீங்க. ஓனர் மேல நிக்கறாங்க. நான் வாடகைக்குக் கேட்டு வந்திருக்கற ஆளுங்க."

லோகு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலேயிருந்து கலாமணி பேசினாள்.

"வெலை போட்டுப் பாக்கற ஆளுகளுக்கு இங்க எடமில்லீங்க."

"அந்தத் தொழிலை உட்டுட்டனுங்க."

"எப்பங்க?"

"இப்பத்தானுங்க."

அவள் சிரிக்கவில்லை. குழாயின் நுனியை மாடியிலிருந்து கீழே என் காலடியில் போட்டாள்.

"மேக்கால செவுரு காஞ்சு கெடக்குது. மொதல்ல அதுக்குத் தண்ணி ஊத்துங்க. அப்பறம் பாக்கலாம்."

ஊற்றினேன். கரூர்க்காரர்கள் போனார்கள், லோகுவும் போனான். பொழுது சாயும் வரைக்கும் ஊற்றினேன். இன்னும் அவள் சரி என்று சொல்லவில்லை.